சூடம் வருவதற்குள்

நுரை வரவில்லை. நுரை வரவில்லை என்றால் கசிவு இல்லை. மொபைல் வீடியோவில் அந்த ஆள் அப்படித்தான் செய்து காட்டினான், சோப்பைக் கரைத்து இணைப்புகளில் தடவு, வாயு கசிந்தால் அந்த இடத்தில் குமிழி கிளம்பும், கிளம்பாவிட்டால் நிம்மதியாகப் போய் வேலையைப் பார். மேற்குக் கரைக்காரன், மலையாளப் பேச்சு பாதி புரியவில்லை, கை செய்வது புரிந்தது. நானும் தடவிவிட்டேன். சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர், அதில் ரப்பர் குழாய் ஏறும் இடம், குழாய் போய் முடியும் பித்தளை நிப்பிள், அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே நான் வைத்த சின்னத் திருகு. நான்கு இடத்திலும் சோப்புத் தண்ணீர் வழிந்து காய்ந்துவிட்டது. குமிழி இல்லை. பிறகு ஏன் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஸ்பேனரை எடுக்கிறது, வைக்கிறது, மறுபடி எடுக்கிறது. படகு வாய்க்காலில் கட்டிக் கிடக்கிறது, கடல் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஏற ஆரம்பித்துவிட்டது, பிற்பகல் வெயில் பைபர் மேல் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. அக்கரையில், கோயிலைத் தாண்டி, என் வீட்டுக்காரி செல்லக்கிளி வருவது தெரிகிறது. பச்சைப் புடவை, கையில் தட்டு, தட்டின் மேல் துணி. துணிக்குக் கீழே தேங்காய், எலுமிச்சம்பழம், விபூதி, சூடம், தீப்பெட்டி. புது எஞ்சினோ பழைய எஞ்சினில் புதுச் சாமானோ, வீட்டுப் பெண் வந்து சூடம் காட்டிய பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். மதகுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர அவளுக்கு இருபது நிமிடம். வழியில் யாராவது பிடித்துக்கொண்டால் அரை மணி. இன்றைக்கு யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

சோதிக்கத்தான் திறந்தேன். வாயு எஞ்சின் வரைக்கும் வருகிறதா என்று பார்க்க ரெகுலேட்டரைத் திருப்பினேன், சின்னத் திருகைத் தளர்த்தினேன், உஸ்ஸென்று வந்தது, திருகை மூடினேன். அந்த நேரம் பார்த்து நாகமுத்து மச்சான் கூப்பிட்டார். செல்லக்கிளிக்கு அண்ணன், முப்பது அடி தள்ளி அவர் படகு நிற்கிறது, நங்கூரம் சேற்றில் மாட்டிக்கொண்டது, ஒரு கை கொடு மாப்ள என்றார். போனேன். நங்கூரம் வர அரை மணி ஆனது. திரும்பி வந்தபோது ரெகுலேட்டர் திறந்தபடியே இருந்தது. திருகை மூடினேன், அதில் சந்தேகமில்லை, ரெகுலேட்டரைத்தான் மறந்திருக்கிறேன். ரப்பர் குழாயை இறுக்கும் கிளிப்பைத் தொட்டேன், அது விரலுக்குச் சுற்றியது. இறுக்கினேன். அதற்குப் பிறகு சோப்பு தடவிப் பார்த்துவிட்டு ரெகுலேட்டரை மூடினேன். அப்படியானால் அரை மணி நேரம் கிளிப் தளர்ந்து கிடந்திருக்கிறது. தளர்ந்த கிளிப் எல்லாம் கசியும் என்று இல்லை. வீட்டில் அடுப்புக் குழாய்க்குக் கிளிப்பே இல்லாமல் எத்தனை வருடம் ஓட்டினோம். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. முழுச் சிலிண்டருக்கும் அரை மணி நேரம் கசிந்த சிலிண்டருக்கும் வித்தியாசம் சொல்ல என் கை என்ன தராசா. வேறு எவனாக இருந்தாலும் ஒரே ஒரு காரியம் செய்திருப்பான். குனிந்து மூச்சை இழுத்திருப்பான். அவ்வளவுதான். ஒரு மூச்சு. கேஸுக்கு அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றத்தைக் கலந்துதான் அனுப்புகிறார்கள், மூக்குள்ளவனுக்காக.

எனக்கு மூக்கு இல்லை. நாலு வருடமாக இல்லை. கொரோனாவில் பதினோரு நாள் தனியாகப் படுத்துக் கிடந்தேன், காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, இது மட்டும் வரவே இல்லை. எல்லாருக்கும் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் வந்துவிட்டது என்றார்கள். நானும் வந்துவிட்டது என்றேன். சொல்லாமல் என்ன செய்வது. ஊரில் அஞ்சாப்புலி என்று என் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மூக்கன் என்றால்தான் தெரியும். பனி மூடின ஒரு காலையில், பறவை இல்லை, தண்ணீரில் நிறம் இல்லை, நான் அணியத்தில் நின்று தெற்கே விடு என்றேன், படகின் முனையில் நின்றுகொண்டு வெறும் காற்றில். நறுக்கின வெள்ளரிக்காய் வாசம் மாதிரி ஒன்று வந்தது, மத்திக் கூட்டம் மேலே வந்தால் வரும் வாசம். விட்டார்கள். வலை தூக்க முடியவில்லை. அன்றிலிருந்து நாகமுத்து மச்சான் படகில் எனக்கு அணியத்தில்தான் இடம், மூக்கா எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் திருப்புவார்கள். மூக்கு போன பிறகும் கேட்டார்கள். நானும் சொன்னேன். பறவையைப் பார்த்துச் சொன்னேன், பக்கத்துப் படகு போகும் திசையைப் பார்த்துச் சொன்னேன், கூட நிற்பவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், அவனுக்கு லேசாக வாசம் பட்டால் புருவம் அசையும், அவனுக்கே தெரியாது, அதைப் பிடித்துக்கொண்டு தெற்கே என்பேன். தப்பினபோது காற்று ஏமாத்திடுச்சு என்றேன். எத்தனை தடவை காற்று ஏமாற்றும். அதனால்தான் பிரிந்து வந்து தனிப் படகு வாங்கினேன். சொந்தக் கால் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். யாரும் கேள்வி கேட்காத இடம் தேடி வந்தேன் என்று யாருக்குத் தெரியும். ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே போகிறது, கேஸில் ஓட்டலாம் என்றார்கள். முறையாகப் பொருத்த ஆள் இருக்கிறான், சமையல் சிலிண்டர் என்றால் அவன் தொடமாட்டான், தொட்டாலும் இணைத்து முடித்ததும் மோந்து பாருங்க அண்ணே என்பான். நானே செய்துகொள்கிறேன் என்று சொன்னதற்கு எது முதல் காரணம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செல்லக்கிளி ஐஸ் கம்பெனிச் சுவரோரம் வந்துவிட்டாள். நின்றாள், யாரோ பேசுகிறார்கள், நல்லது, பேசட்டும். நாகமுத்து மச்சான் தன் படகில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார். காற்று கடலிலிருந்து வருகிறது, அவர் பக்கமிருந்து என் பக்கம், இங்கே இருப்பது எதுவும் அவர் மூக்குக்குப் போகாது. காலையிலிருந்து கேலி. என்னா மாப்ள, படகுலயே குடித்தனமா, இட்லி ஊத்துனா எனக்கும் ரெண்டு எடுத்து வை. சிரித்தேன். சூடம் காட்டும்போது அவர்தான் வந்து தேங்காய் உடைக்க வேண்டும், தாய்மாமன் வீட்டு முறை. பீடியோடுதான் வருவார், அவர் பீடி இல்லாமல் எழுந்து நான் பார்த்ததில்லை. நிப்பிளில் ஒட்டியிருந்த சோப்பைச் சுரண்டினேன். வெள்ளையாக, திரிதிரியாக, பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி. விரலில் தேய்த்தேன். நுரைக்கவில்லை. எங்கேயும் நுரைக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தேன், அதிலும் அதே திரி, மேலே ஒரு குமிழிகூட இல்லை. எந்தத் தண்ணீரில் கரைத்தேன். கை படகுக்கு வெளியே தொங்கியது, கிண்ணத்தை முக்கியது, எடுத்தது. பிறந்ததிலிருந்து அப்படித்தான், கால் கழுவ, வலை கழுவ, மீன் கழுவ, யோசித்து எடுப்பதில்லை, கை தானாகப் போகும். கடல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது என்று இந்தக் கரையில் நடக்கப் பழகின பிள்ளைக்கும் தெரியும். கசிவு இல்லாததால் நுரை வரவில்லையா, நுரையே இல்லாததால் நுரை வரவில்லையா. அந்த மேற்குக் கரைக்காரன் வீட்டு வாசலில் குழாயடியில் உட்கார்ந்து செய்து காட்டினான். நான் பார்த்தது அவன் கையை, குழாயை அல்ல.

குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு இருந்தது. கிண்ணத்தைத் துடைத்து ஊற்றிச் சோப்பைக் கலக்கினேன், பொங்கிக்கொண்டு வந்தது நுரை, கல்யாணப் பாயசம் மாதிரி. ரெகுலேட்டரைத் திறந்தேன். பத்து எண்ணுவேன், மூடிவிடுவேன். கிளிப்பில் தடவினேன். மூன்று எண்ணுவதற்குள் ஒரு குமிழி எழுந்தது, தவளைத் தொண்டை மாதிரி விரிந்தது, உடைந்தது, அடுத்தது. இறுக்கின பிறகும் இப்படி. மூடினேன். இறுக்காமல் அரை மணி கிடந்ததே, அப்போது எப்படி. சரி, போய்விட்டிருக்கும், திறந்த படகு, மேலே வானம், அடிக்கிற காற்றுக்கு எல்லாம் பறந்திருக்கும். அப்படி நினைக்கும்போதே செல்லக்கிளி சொன்னது வந்து நிற்கிறது. மகளிர் குழுவில் கேஸ் கம்பெனிப் பெண் வந்து வகுப்பு எடுத்தாளாம், வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கேஸு மேல போவாதாம்ய்யா, தண்ணி மாதிரி தரையிலதான் கெடக்குமாம், சன்னலத் தொறந்து பிரயோசனம் இல்ல, கதவைத் தொறக்கணுமாம். நானும் சிரித்தேன். வீட்டுக்குக் கதவு இருக்கிறது. படகுக்கு ஏது கதவு. தண்ணீர் உள்ளே வராமல் சுற்றி அடைத்துச் செய்ததுதான் படகு, வெளியே போவதற்கும் அதே அடைப்புதான். மிதிப்பலகைக்குக் கீழே ஒரு முழம் பள்ளம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அங்கே காற்று இறங்காது. அங்கேதான் கிடக்கிறது, கிடக்கிறதா, கிடக்கும். பலகையைத் தூக்கினேன். காய்ந்த பள்ளம், ஒரு செதில், ஒரு தூண்டில் முள். வேறு ஒன்றும் இல்லை. பார்க்க முடியாது, மோக்கவும் முடியாது, இருக்கிறது.

சூடத்தைக் கரையிலேயே கொளுத்து என்று சொல்லலாம். ஏன் என்பாள். காற்று என்றால், போன தடவையும் காற்றுதான் என்பாள். போன எஞ்சின் வைத்தபோது சூடம் பாதியில் அணைந்தது, அந்த வருடம்தான் பெரிய வலை மொத்தமும் போனது, அவளுக்கு அது இரண்டும் ஒன்றுதான். சூடம் படகுக்குள்ளேயே எரிந்து தானாக அடங்க வேண்டும். காலையில் நான் கிளம்பும்போதே சொல்லி அனுப்பினாள், இந்தத் தடவை பலகையைத் தூக்கிட்டு உள்ள எறக்கி வச்சிடுறேன், அங்க காத்து எட்டாது. அங்கே காற்று எட்டாது. அவள் கையால், குனிந்து, முகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, கை குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு. சரி, படகில் ஏறாதே, கேஸ் கசிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாகமுத்து மச்சான் அடுத்த கேள்வி என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அரை மணியா பக்கத்துலயே உட்காந்திருக்க, மூக்கனுக்கு வாசம் வரலியா. அப்புறம் ஒவ்வொன்றாக வரும். காற்று ஏமாற்றின நாட்கள் எல்லாம் வரும். வெறும் ஆளாக அணியத்தில் நின்று, திசை தெரியாமல், ஆறு பேர் பிழைப்பைத் தெற்கே தெற்கே என்று இழுத்துக்கொண்டு போனவன் என்று ஆகும். அது பொய் இல்லை, அதனால்தான் அது வரக் கூடாது.

தண்ணீர் மாதிரி என்றால் தண்ணீரை என்ன செய்வோம். இறைப்போம். டீசல் கேனை வெட்டிச் செய்த இறைசட்டி எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். பள்ளத்தில் விட்டு, அள்ளி, படகுக்கு வெளியே கொட்டினேன். கொட்டியது என்று எதை வைத்துச் சொல்வது. கனம் இல்லை, சத்தம் இல்லை. மறுபடி அள்ளினேன். பைபரில் சட்டி உரசும் சத்தம் மட்டும். பத்து, இருபது. மகள் பெற்ற பிள்ளையை முதல் நாள் கையில் கொடுத்தார்கள், தலையை மோந்து பாருங்கப்பா, என்ன ஒரு வாசம் என்றாள், மோந்தேன், கழுவின கல்லை மோந்த மாதிரி இருந்தது, ஆமாம்மா என்றேன். முப்பது. செத்த எலி வலைக் கொட்டகையில் நாலு நாள் கிடந்தது, நான் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வீட்டில் டீ போட அடுப்புப் பக்கம் போனால் செல்லக்கிளி ஓடி வருவாள், நீ உட்காரு நான் போடுறேன். முன்பெல்லாம் அப்படி இல்லை. பொங்கலன்று பரிமாறக் குனிந்தாள், தலை நிறையப் பூ, ஏதாவது சொல்ல வேண்டும் என்று, பூ கமகமங்குது என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கை கழுவும்போதுதான் பார்த்தேன், அது கனகாம்பரம். கனகாம்பரத்துக்கு ஏது வாசம். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் மறந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். நாற்பது. வியர்வை கண்ணில் இறங்குகிறது. எத்தனை அள்ளினால் தீரும். தண்ணீராக இருந்தால் தரை தெரியும், தரை தெரிந்தால் தீர்ந்தது. இங்கே முதலிலிருந்தே தரை தெரிகிறது.

"தண்ணியே இல்லாத படகுல என்னத்த மாப்ள எறைக்கிற?"

நாகமுத்து மச்சான் எழுந்து நிற்கிறார், வாயில் பீடி. தூசி மச்சான் என்றேன், சிமெண்டுத் தூசி, பூசை நேரத்தில் சுத்தமாக இருக்கட்டும் என்று. பைபர் படகில் சிமெண்டு எங்கே இருந்து வந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கேட்டுக்கொண்டே அங்கேயே நின்றிருப்பார். தங்கச்சி வந்துட்டா பாரு என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், தன் படகிலிருந்து கரைக்கு இறங்கினார், கரையோடு என் பக்கம் நடக்கத் தொடங்கினார். பீடி நுனி சிவந்து அடங்கியது. இந்தப் பக்கம் செல்லக்கிளி மதகுப் பாலத்திலிருந்து இறங்கிவிட்டாள், துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தட்டைச் சரி செய்கிறாள். இரண்டு பக்கமிருந்தும் நெருப்பு வருகிறது, நடுவில் நான் சட்டியோடு. வேகமாக அள்ளினேன். அதில் ஏதாவது குறைந்ததா. பாதி போயிருக்கும், இல்லை, அள்ளுகிற காற்றே இதைக் கலக்கி மேலே கொண்டுவருகிறதா, கலங்கினால் இன்னும் மோசமா. ஒரு தடவை மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். குனிந்தேன். பள்ளத்துக்குள் தலையை விட்டு மூச்சை நெஞ்சு வரைக்கும் இழுத்தேன். ஒன்றுமில்லை. வெயில் சூடு மட்டும். நாலு வருடமாக உலகம் இப்படித்தான் இருக்கிறது, கழுவித் துடைத்து, குற்றம் சொல்ல முடியாத மாதிரி. நிமிர்ந்தபோது தலை சுற்றியது. அது குனிந்து நிமிர்ந்ததாலா, இல்லை உள்ளே இருப்பதை இழுத்ததாலா. அதுவும் தெரியவில்லை. செல்லக்கிளி கரைக்கும் படகுக்கும் நடுவே போட்ட பலகையில் ஒரு காலை வைத்துவிட்டாள். ஒரு கையில் தட்டு, மறு கையில் தீப்பெட்டி, தயாராக எடுத்து வைத்திருக்கிறாள், காற்றில் நேரம் கடத்தக் கூடாது என்று.

காற்றடிக்கிறது, கரையிலேயே கொளுத்திக்கொள்வோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தைகள் நாக்கு வரைக்கும் வந்து வரிசையாக நின்றன. அவள் கேட்க மாட்டாள் என்பதும் கூடவே நின்றது.

"வராத. ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. கேஸு கசிஞ்சு அடியில கெடக்கு, எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. எனக்கு மூக்கு செத்து நாலு வருசம் ஆச்சு."

நாகமுத்து மச்சான் நின்றுவிட்டார். பீடியை வாயிலிருந்து எடுத்தார், அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்க்கால் பக்கம் திரும்பித் தண்ணீரில் போட்டார். சுர்ரென்று அணைந்த சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. மூக்கா என்று ஆரம்பித்தார், மேலே போகவில்லை, அவர் மனதில் எந்த எந்த நாள் வந்து போகிறது என்று எனக்கு அவர் முகத்தில் தெரிந்தது, முகம் பார்ப்பதில்தான் நான் தேறியவன். அப்ப தெக்க தெக்கன்னியே, என்று மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். செல்லக்கிளி தீப்பெட்டியைத் தண்ணீரில் தூர எறிந்தாள். அது மிதந்தது, உள்ளே ஏறும் தண்ணீர் அதை மெதுவாக மேற்கே கொண்டுபோனது. தட்டிலிருந்ததை எல்லாம் கரையில் தோள்துணியை விரித்துக் கவிழ்த்தாள், தேங்காய் உருண்டு போய் அவள் அண்ணன் காலடியில் நின்றது. வெறும் தட்டோடு படகில் இறங்கினாள். நான் தடுக்கத் தடுக்க மண்டி போட்டு, பள்ளத்தின் மேல் முகத்தைக் கொண்டுபோய், மூச்சை இழுத்தாள். முகம் சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பி, புறங்கையால் மூக்கை அழுத்தினாள். அந்தப் பள்ளத்தில் என்ன கிடந்தது என்பதை நான் அவள் முகத்தில்தான் பார்த்தேன்.

"கனகாம்பரத்துக்கு வாசம் சொன்னியே, அன்னிக்கே தெரியும்" என்றாள். "நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன். இந்த அளவுக்கு வந்துதான் சொல்லணுமா."

 பொங்கலிலிருந்து தெரியுமா, டீ போட விடாதது அதற்குத்தானா, இன்னும் யாரிடம் சொன்னாய் என்று எத்தனையோ வந்தது. அவள் காத்திருக்கவில்லை. எறைய்யா என்றாள். பித்தளைத் தட்டைப் பள்ளத்தில் விட்டு, ஓரத்தால் வழித்து, காற்றுப் போகும் பக்கமாக வெளியே கவிழ்த்தாள். நான் என் சட்டியால் அள்ளினேன். எதிரெதிரே மண்டி போட்டு, காய்ந்த படகை இரண்டு பேர் இறைத்துக்கொண்டிருந்தோம். ஐஸ் கம்பெனிப் பக்கம் போன யாரோ நின்று பார்த்தார்கள், நாகமுத்து மச்சான் அவர்களைப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, பீடி பிடிக்காமல், வழியை மறித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். தோள் வலித்தது. வலை இழுத்தபோதும் இப்படி வலித்ததில்லை. கையை நிறுத்தினேன்.

"போயிடுச்சா?"

அவள் குனிந்தாள், இழுத்தாள், நிமிர்ந்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள்.